துருப் பிடிக்காத காரும் ஒரு பிராதும்

வெறும் இரும்பைக் கையால் தொடக் கூடாது. தொட்டால் கை வியர்வை அதில் ஏறிவிடும். மறுநாள் காலையில் ஐந்து விரலும் பழுப்பாகப் பதிந்திருக்கும். ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. பாலித்தீன் தாள் போட்டு மூடக் கூடாது, உள்ளுக்குள்ளேயே வேர்த்துவிடும். சுரண்டி முடித்த தகட்டுக்கு அன்று பொழுது சாய்வதற்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும். பெயிண்ட் பூச முடியாத இடமென்றால் எண்ணெய், இல்லாவிட்டால் கிரீஸ். இவ்வளவும் எனக்குச் சொன்னவர் என் தங்கையின் கணவர். விருத்தாசலத்தில் டிங்கர் பட்டறை வைத்திருந்தார். அப்போதெல்லாம் இதை மூச்சு விடாமல் அடுக்குவார். இன்றைக்கு "மச்சான், தண்ணி" என்ற இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குகிறார்.

அவர் நுரையீரலைக் கெடுத்தவன் நான்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை என் தங்கையிடம் சொல்வதற்குத்தான் எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அந்த இரண்டு வருஷமும் நான் தினம் இரண்டு வேளை அந்த வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நான் செராமிக் எஸ்டேட்டில் ஷெட் எடுத்து அகல் விளக்கும் கொலு பொம்மையும் செய்கிறவன். இருபத்தைந்து வருஷமாக மண், மாவு, சூளை. இரும்பைப் பற்றி எனக்கு ஒரு எழவும் தெரியாது. மாப்பிள்ளைக்கு இரும்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. நசுங்கிய கதவைப் பின்பக்கமிருந்து தட்டித் தட்டி ஒடுக்கு எடுப்பார். முடித்த பிறகு எந்த இடத்தில் நசுங்கியிருந்தது என்று வண்டிக்காரனுக்கே தெரியாது. ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"ஊர்ல ஓடற வண்டியில பாதி என் கையில அடி வாங்குனதுதான் மச்சான். ஒண்ணுலயாவது என் கைன்னு தெரியுதா? தெரியாம இருந்தாத்தான் நல்ல வேலைன்றாங்க. அப்படிப்பட்ட பொழப்பு இது."

"ஏன், கதவுல பேர எழுதிடறதுதான?"

"கிண்டலா? பாருங்க, ஒரே ஒரு வண்டி, முழுசா நானே செஞ்சேன்னு ஒரு வண்டி, செஞ்சுட்டுத்தான் சாவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

கொரோனா அடங்கிய வருஷம் அந்த வண்டி அகப்பட்டது. கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் மாட்டுக் கொட்டகையில், வைக்கோலுக்குள் நின்றது. அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் கார். முன்னால் மட்கார்டு மேல் இரண்டு லைட் பிதுங்கிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் கறுப்பு. பின் சீட்டில் கோழி அடை உட்கார்ந்திருந்தது. "போற எடத்துல ஆளுக்கே எடமில்ல, இத எங்கங்க வக்கிறது? எடுத்துக்கிட்டுப் போங்க, கோழிய மட்டும் உட்டுடுங்க" என்றார் அந்த வீட்டுக்காரர். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். வழி நெடுக மாப்பிள்ளை அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்க்க வேண்டும், கல்யாணத்தன்றுகூட அப்படி உட்கார்ந்திருக்கவில்லை. புதுச்சேரியில் பழைய கார்களைக் கடற்கரையில் வரிசையாக நிறுத்திக் காட்டுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கே இதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பக்கத்தில் தங்கையும் அவரும் நிற்க வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

பட்டறை வேலை முடிந்த நேரத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், அந்த வண்டியைப் பிரித்தார். மேலே இருந்த பழைய பெயிண்டைத் தட்டினால் அப்பளம் மாதிரி உதிர்ந்தது, கீழே துரு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஒரு கதவுக்கே ஒரு மாதம் போயிற்று. துரு மேலே இருப்பதல்ல, குழிக்குள் உட்கார்ந்திருக்கும், அதைத் துளி மிச்சம் வைத்துப் பெயிண்ட் அடித்தாலும் உள்ளிருந்து தின்றுகொண்டே வரும் என்றார். கம்ப்ரசர் வைத்து மணல் அடித்தால்தான் குழிக்குள்ளே போய் வெட்டியெடுக்கும்.

மணலுக்கு எங்கே போவது? வெள்ளாறு பக்கத்திலேயே ஓடுகிறது என்று பேர். வீடு கட்டுகிறவனுக்கே மணல் கிடைக்காத காலம் இது. மாப்பிள்ளை பெண்ணாடம் வரைக்கும் அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"ஏன் மாப்ள ஆத்து மணலுக்கு அலையறீங்க? எங்கிட்ட குவார்ட்ஸ் குருணை மூட்ட மூட்டயா கெடக்குது. வெள்ள வெளேர்னு இருக்கும். மண்ணு கெடயாது, உப்பு கெடயாது, ஈரம் கெடயாது. ஆத்து மணலவிட நல்லா வெட்டும்."

குவார்ட்ஸ் என்பது வெள்ளைக் கல். அதை மாவாக அரைத்துத்தான் பீங்கானுக்கும் மேல் பளபளப்புக்கும் சேர்ப்போம். அரைப்பதற்கு முன்னால் குருணையாக இருக்கும். டி.வி.எஸ். வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று நானே மூட்டைகளைக் கொண்டுபோய்ப் பட்டறையில் இறக்கினேன். பெருமையாகத்தான் இறக்கினேன். மாப்பிள்ளைக்கு ஒரு உதவி செய்துவிட்டேனாம்.

முதல் நாள் அடித்தபோது நானும் கூட இருந்தேன். அடடா, துரு பறந்ததைப் பார்க்க வேண்டும்! ஒரு மாதம் தேய்த்தும் போகாத இடம் பத்து நிமிஷத்தில் வெளுத்துவிட்டது. ஆனால் குருணை தகட்டில் மோதியதும் உடைந்து மாவாகப் போகிறது. அந்த மாவு பட்டறை முழுக்கப் புகை மாதிரி நின்றது. மாப்பிள்ளை இருமிக்கொண்டு வெளியே வந்தார்.

"தூசி கண்ண மறைக்குது மச்சான். கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்கிட்டு அடிக்கவா?"

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் குவார்ட்ஸ் மூட்டையைத் தண்ணீர் தெளிக்காமல் பிரிக்க மாட்டோம். என் ஷெட்டில் எவனாவது அப்படிப் பிரித்தால், "நெஞ்சு போயிடும்டா, அறிவிருக்குதா" என்று நான்தான் கத்துவேன். அரவை ரூமில் வேலை செய்தவர்கள் எப்படிப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவர் இல்லை, இருவர் இல்லை. அப்படித் தெரிந்த நான், அன்றைக்கு என்ன சொன்னேன்?

"தண்ணியா? வேணாம் வேணாம். வெறுந்தகடு, தண்ணி பட்டா சாயங்காலத்துக்குள்ள துரு ஏறிடும்னு நீங்கதான சொன்னீங்க? காஞ்சதாவே அடிங்க."

இரும்புக்குத் தண்ணீர் ஆகாது என்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அவருக்கே திருப்பிச் சொன்னேன். மண்ணுக்காரனுக்கு இரும்பைப் பற்றித் தெரிந்துவிட்டதாம்! அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. "ஆமால்ல" என்று தலையை ஆட்டிவிட்டுத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். பட்டறைச் சுவரில் ஆணியில் கொரோனாக் கால மாஸ்க்குகள் ஒரு கொத்தாகத் தொங்கின. இரண்டு வருஷம் போட்டுப் போட்டு அலுத்துப்போய் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போட்டிருந்தாலும் அந்த மாவுக்கு அது ஒரு தடுப்பே இல்லை. ஆனாலும் நான் "அதையாவது மாட்டுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆனி முடியும்போது மொத்த பாடியும் வெறுந்தகடாக நின்றது. கதவு நான்கு, மட்கார்டு நான்கு, பானெட், டிக்கி. மாப்பிள்ளை தங்கையின் பழைய நூல் புடவையைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டுதான் அவற்றைத் தூக்குவார். நான் ஒரு நாள் சும்மா விரலை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் அதைச் செய்தவனுக்குப் பிறகு இந்தத் தகட்டை இப்படிப் பார்க்கிற ஆள் நாம்தான் என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க முடியாது. மறந்தால் தேவலை.

உடனே பிரைமர் அடித்திருக்க வேண்டும். அவருக்கா தெரியாது? ஆனால் ஆடி பிறந்துவிட்டது. என் தங்கை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்ளோ நாளு பொறுத்தீங்க, இன்னும் ஒரு மாசம் பொறுக்க மாட்டீங்களா? ஆடியில முத வண்ணம் வப்பாங்களா? நீங்களே ஆசப்பட்டுச் செய்யற வண்டி. ஆவணியில நல்ல நாள் பாத்து வையுங்க."

அவர் அவள் பேச்சைத் தட்ட மாட்டார். சரி, ஒரு மாதம் இந்தத் தகடுகளை எங்கே வைப்பது? பட்டறை ஒழுகும். அதற்கும் யோசனை சொல்ல நான்தான் தயாராக இருந்தேனே! "நம்ம சூளக் கொட்டாயிக்குக் கொண்டாந்துடுங்க மாப்ள. இந்த ஊர்லயே அதவிடக் காஞ்ச எடம் கெடயாது. மழ பேஞ்சாக்கூட உள்ள நின்னா நமக்கு வேர்க்கும்." எண்ணெய் தடவி வைக்கட்டுமா என்று கேட்டார். சூளைப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு எதையும் வைக்காதீர்கள், தீப்பொறி பட்டால் போச்சு என்றேன். அப்படியே துடைத்துக் கொண்டுவந்து, சுவரோரம் செங்கல் அடுக்கி, அதன் மேல் ஒன்றோடொன்று இடிக்காமல் நிறுத்தி வைத்தார்.

ஆடி எங்களுக்குக் கொலு பொம்மை சுடுகிற மாதம். அந்த மாதம் நான் நான்கு தடவை சூளை வைத்தேன். பச்சை பொம்மை காய்ந்திருந்தாலும் அதன் உடம்பில் தண்ணீர் இருக்கும். சூடு ஏற ஏற அது ஆவியாகி வெளியே வரும். அதற்கு மேலே மண்ணே வேகும்போது ஒரு புகை வரும், மூக்கை எரிக்கும். அந்த ஆவியும் புகையும் பட்டே எங்கள் சூளைக் கதவின் கீல் வருஷத்துக்கு ஒரு தடவை துருப்பிடித்து அறுந்து விழும், நானே வெல்டரைக் கூப்பிட்டு மாற்றியிருக்கிறேன். கண் முன்னால் வருஷா வருஷம் நடக்கிற விஷயம். நெருப்பு இருக்கிற இடம், அதனால் காய்ந்த இடம் என்று என் மண்டைக்குள் உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டி யோசிக்க எனக்குப் புத்தி வரவில்லை.

ஆவணி முதல் முகூர்த்த நாளில் மாப்பிள்ளை தேங்காய், கற்பூரம், பிரைமர் டின்னோடு வந்தார். கொட்டகைக்குள் வந்ததும் நின்றுவிட்டார். தகடுகள் எல்லாம் செம்மண் பூசியது மாதிரி இருந்தன. சூளையைப் பார்த்து நின்ற பக்கம் இன்னும் மோசம். பானெட்டின் மேல் ஒரு விரலை வைத்து இழுத்தார், விரல் பழுப்பாகிவிட்டது. அந்தத் தகட்டை அவர் வெறும் விரலால் தொட்டது அதுதான் முதல் தடவை.

செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்கயோ ஈரம் இருந்திருக்குது மச்சான். உடுங்க, நம்ம நேரம்" என்றார். எனக்குச் சூளைக் கதவின் கீல் ஞாபகம் வந்துவிட்டது. வந்தும் என்ன செய்தேன்? "ஆடிக் காத்துல மழச் சாரல் அடிச்சுதில்ல, அதான்" என்றேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

மறுபடி முதலிலிருந்து மணல் அடித்தார். அந்த இரண்டாவது தடவைதான் அவரைத் தின்றது என்று நினைக்கிறேன். வெளியே மழை, ஈரக் காற்று தகட்டில் படக் கூடாது என்று ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே அடித்தார். என்னிடம் புதுக் குருணை இல்லை. பழையதையே சலித்து, அதையே திரும்பத் திரும்ப அடித்தார். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் நைஸாகப் போகும். ஒன்பது நாள். ஒரு நாள் நான் ஷட்டரைத் தட்டியபோது, தலை முதல் கால் வரை வெள்ளையாக, கண் இமை முடி எல்லாம் வெள்ளையாக வெளியே வந்தார். "என்னா மாப்ள, கலர் அடிக்காத பொம்ம மாதிரி இருக்கீங்க" என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இந்தத் தடவை ஒரு தகடு முடிந்ததும் அடுத்ததைத் தொடவில்லை. தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்ததும் அந்த மணி நேரத்துக்குள்ளேயே பிரைமர். கடையில் மலிவாகக் கிடைக்கும் செங்காவிப் பிரைமர் தண்ணீரைக் குடிக்கும் என்று, இரண்டு டின்னைக் கலந்து அடிக்கிற கெட்டிப் பிரைமரைக் கடலூரிலிருந்து வாங்கிவந்தார். கதவுக்குள்ளே, அடிச் சட்டத்துக்குள்ளே, கை போகாத பொந்துகளில் மெழுகும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றினார். பெயிண்ட் படக் கூடாத இடங்கள் இருக்கின்றனவே, கீல், போல்ட், சக்கரத்துக்கு மேலிருக்கும் வில் பட்டையின் நடுப்பக்கம், அதற்கெல்லாம் கிரீஸ் வைத்து மெழுகுத் தாள் சுற்றினார். பம்பரின் பளபளப்புக்கு வாசலின். ஒரு திருகாணியைக்கூட விடவில்லை.

மாசியில் கார் தயாராகிவிட்டது. கறுப்பில் முகம் தெரிந்தது. பட்டறையிலிருந்து வெளியே தள்ளுவதற்கு நாங்கள் இருவரும் தோள் கொடுத்தோம். பத்தடி போவதற்குள் மாப்பிள்ளை நின்று பம்பரைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்து நான்கு வயசு. சம்மட்டி பிடித்த கை. "என்னமோ மூச்சு முட்டுது மச்சான்" என்றார். சளி என்று நினைத்தோம்.

சளி இல்லை. எடை குறைந்துகொண்டே போயிற்று. சட்டை ஹேங்கரில் தொங்குவது போலத் தொங்கியது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு டி.பி.யாக இருக்கலாம் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி ஒரு தடவையும் அகப்படவில்லை. கடைசியில் புதுச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போனேன், அவர் கார் போக வேண்டிய ஊருக்கு, பஸ்ஸில். அங்கே ஒரு டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"கல் குவாரியில வேலை செய்யறீங்களா?"

"இல்லம்மா. டிங்கர்."

"மணல் அடிக்கிற வேலை ஏதாவது செஞ்சீங்களா?"

"ஒரு வண்டிக்கு அடிச்சேன்மா."

"என்ன மணல்?"

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆத்து மணலுதாம்மா" என்றார்.

எந்த மணலாக இருந்தாலும் இப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா. உள்ளே போன மாவு வெளியே வராது. அதைச் சுற்றி நுரையீரல் கெட்டியாகிக்கொண்டே போகும். மூச்சுக்கு மெஷின் வைத்துக்கொள்ளலாம். நல்லபடியாகத்தான் சொன்னார். நல்லபடியாகச் சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது?

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். "ஏன் மாப்ள அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"அவளுக்கு… அப்பா இல்ல, அம்மா இல்ல. நானும் போயிட்டேன்னா நீங்கதான். உங்க மேல அவளுக்கு மனசு ஒடையக் கூடாது. ஆத்து மணலாவே இருக்கட்டும்."

நான் பஸ்ஸிலேயே அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் எனக்குத்தான் ஏதோ வியாதி என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அதன் பிறகு இரண்டு வருஷம். காலையில் ஷெட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மாப்பிள்ளையைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைத்து, மூக்கில் மாட்டிய மெஷின் குழாயைக் கழற்றாமல் குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, மறுபடி தூக்கிப் படுக்க வைக்க வேண்டும். தங்கை ஒல்லி, அவளால் ஆகாது. ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் கனம் குறைந்துகொண்டே வந்தது. தங்கை எனக்கு டீ போட்டுக் கொடுப்பாள். "நீ இல்லன்னா நான் என்னாண்ணா பண்ணியிருப்பேன்" என்பாள். நான் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு அந்த டீயைக் குடிப்பேன். அவளோ தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஆடி என்று தடுக்காமல் இருந்திருந்தால் ஒரு தடவையோடு போயிருக்குமே என்று அழுவாள். "சே, அதெல்லாம் இல்லம்மா" என்று நான் சமாதானம் சொல்வேன். எவ்வளவு கேவலமான சமாதானம் பாருங்கள். உண்மை என் கையில் இருந்தது, அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் வாசலில் தகரப் பந்தலுக்குக் கீழே நின்றது. ஒரு பொட்டுத் துரு கிடையாது. ரயில்வே ஜங்ஷன் வரைக்கும் ஒரே ஒரு தடவை ஓடியது, ஒரு பையன் ஓட்ட, மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து. அவ்வளவுதான் அதன் ஊர்வலம். மழை வந்தால் அவர் கட்டிலிலிருந்தே கேட்பார்: "மச்சான்… கீலுக்கு எண்ண… உட்டீங்களா?" விடுவேன். பம்பருக்கு வாசலின் தடவுவேன். தடவும்போதெல்லாம் அந்தச் சனியனை நடு ரோட்டில் நிறுத்தி மழையில் ஊறவிட வேண்டும் என்று ஆத்திரமாக வரும். ஆனால் அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அவரைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தேன். தங்கை அடுப்படியில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டப் போறேண்ணா. நீ எழுது. உன் கையெழுத்துதான் மணி மணியா இருக்கும்."

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவனுக்கு அநியாயம் நடந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறவனைவிட மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் போகிறவன்தான் அதிகம். மனு எழுதுவது போலவே எழுத வேண்டும். யார் எழுதுவது, எந்த ஊர், என்ன நடந்தது, யார் செய்தது. சாமி முன்னால் வைத்து எடுத்து, விபூதியோடு மடித்துப் பொட்டலமாக்கி, முனியப்பர் சன்னதியில் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். அப்புறம் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும்.

நான் தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். சாமிக்கு விலாசம் எழுதினேன். தங்கை பெயரும், கணவர் பெயரும், தெருப் பெயரும் எழுதினேன். "என் கணவர் மூச்சு விட முடியாமல் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார்" என்று எழுதினேன். உள்ளறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அடுத்து எதிரி பேரு" என்றாள் தங்கை.

"எதிரியா? யாரு மேலம்மா?"

"அந்த மணலக் கொண்டாந்து குடுத்தவன் மேல."

பேனா தாளிலேயே நின்றது. மை ஒரு புள்ளியாக ஊறியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான்தாம்மா. ஆத்து மணல் இல்ல அது. எங்க ஷெட்டு குவார்ட்ஸு. நான்தான் கொண்டாந்து எறக்குனேன். தண்ணி தெளிச்சுக்கவான்னு அவரு கேட்டாரு, நான்தான் வேணாம்னேன். சூளையில வச்சுத் துரு ஏறுனதும் என்னாலதான். உன் ஆடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் நான்தான்."

அவள் அதிரவில்லை. அழவும் இல்லை.

"தெரியும்" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடி பத்து வருஷம் உன் சட்டைய யாரு தொவச்சது? அதே மாவுதான் அவரு சட்டையிலயும் ஒட்டியிருந்துது. தண்ணியில போட்டா பால் மாதிரி வரும். ஆத்து மணலு எங்க அப்படி வரும்? அவரு உன்னக் காட்டிக் குடுக்கலன்னுதான் நானும் கேக்கல. நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ரெண்டு வருஷம் பாத்தேண்ணா."

"திட்டும்மா. அடிச்சிடு. எதுனா செய்யி."

"எழுது உன் பேர."

எழுதினேன். எதிரி என்று போட்டு, என் பெயர், என் அப்பா பெயர் — அவளுக்கும் அப்பா அவர்தான் — ஷெட் விலாசம் எல்லாம் மணி மணியாக எழுதினேன். அவள் தாளை வாங்கி ஒரு தடவை முழுக்கப் படித்தாள். பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே தன் கையால் இன்னொரு வரி எழுதி, எனக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள்.

"மேற்படி எதிரிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது சாமி. இவரத் தூக்க வேற ஆள் இல்ல."